ஒரே புத்தகத்துக்கு இரண்டு பார்சல் வராமலிருக்க

கேள்வி: பாளையங்கோட்டையில் கல்லூரி நூலகராக இருக்கிறேன். ஆர்டரை கோஹா என்ற நூலக மென்பொருளில் பதிந்துவிட்டு, அதையே சென்னை விற்பனையாளரின் தளத்திலும் மறுபடி தட்டுகிறோம். ஏபிஐ (இரண்டு மென்பொருள்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வழி) தருகிறோம், இணைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். இணைக்கலாமா?

பதில்: தாராளமாக இணைக்கலாம். கோஹாவிலேயே ரெஸ்ட் என்ற வகை ஏபிஐ இருக்கிறது. ஓஆத்2 என்ற நுழைவு அனுமதி வசதியை இயக்கி, இதற்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்று தொடங்கி, அதற்குக் கொள்முதல் அனுமதி மட்டும் கொடுத்து, ஏபிஐ கீயை, அதாவது நுழைவுச் சாவியை, எடுங்கள். அவசரத்துக்கு, எல்லா அனுமதியும் உள்ள உங்கள் சூப்பர் லைப்ரரியன் கணக்கின் கீயைக் கொடுத்துவிட வேண்டாம். கோஹாவில் ஆர்டர்களைச் சேர்த்து வைக்கும் கூடையை நீங்கள் மூடிய பிறகு, சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று அதிலுள்ள ஆர்டர்களை எடுத்து விற்பனையாளருக்கு அனுப்பும். புரோகிராம் தெரிந்த யாரும் எழுதிக் கொடுப்பார்கள்.

வில்லங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆர்டர் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். ‘கிடைத்தது’ என்ற பதில் வருவதற்குள் நெட் போய்விடும். போகவில்லை என்று நினைத்து ஸ்கிரிப்ட் மறுபடி அனுப்பும். நான் ஒரு கல்லூரிக்கு முதன்முதலில் இப்படி இணைத்துக் கொடுத்தபோது, ஒரே புத்தகம் இரண்டு பார்சலாக வந்து இறங்கியது. அண்ணாச்சி கடைக்குப் பையன் ஒரே சீட்டை இரண்டு தடவை கொண்டுபோன கதைதான். சீட்டில் நம்பர் இருந்தால் அண்ணாச்சி ‘இது காலையிலேயே போட்டாச்சே’ என்பார்.

அந்த நம்பர், கோஹா ஒவ்வொரு ஆர்டருக்கும் தருகிற ஆர்டர் எண். விற்பனையாளரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: ‘எங்கள் ஆர்டர் எண்ணை அப்படியே வாங்கி வைப்பீர்களா? அதே எண் மறுபடி வந்தால், புது ஆர்டர் போடாமல் பழையதையே பதிலாகத் தருவீர்களா?’ இல்லை என்றால், மறுபடி அனுப்பும் முன் அந்த எண்ணில் ஆர்டர் இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் விசாரித்தாக வேண்டும். அந்த வசதியும் அவர்களிடம் இல்லையென்றால், இப்போது செய்வது போலக் கையாலேயே போடுங்கள்.

அப்புறம் ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தின் அடையாள எண். 13 இலக்கத்தையும் எண்ணாக இல்லாமல் எழுத்தாக (டெக்ஸ்ட்) வையுங்கள். வழியில் எக்செல் புகுந்தால் 978இல் தொடங்குகிற எண்ணை 9.78E+12 என்று சுருக்கிக் காட்டும். நூல் விவரப் பதிவில் ஐஎஸ்பிஎன் இருக்கும் இடமான மார்க் 020இல் கெட்டி அட்டை, சாதா அட்டை இரண்டின் எண்ணும் இருக்கலாம். ஸ்கிரிப்ட் முதலில் கண்டதை எடுத்து அனுப்பினால் விலை கூடிய பதிப்பு வந்து சேரும். ஐஎஸ்பிஎன் இல்லாத பழைய தமிழ் நூல்கள், நம் பக்கத்து ஊர் வரலாறுகள் எல்லாம் இதில் அடங்காது. அவற்றுக்கு வழக்கம்போல போன்தான்.

அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. கோஹாவில் அந்த விற்பனையாளருக்கு வரி 0 என்று இருக்கிறதா பாருங்கள். வேறு ஏதாவது இருந்தால் நிதியில் இல்லாத செலவு ஏறும். விற்பனையாளர் திருப்பித் தரும் விலை நீங்கள் போட்டதைவிடக் கூடுதலாக இருந்தால் ஸ்கிரிப்ட் தானாக ஏற்கக் கூடாது. உங்கள் பார்வைக்கு நிறுத்தி வைக்கட்டும். பில்லையும் ஏபிஐயில் வாங்கலாம் என்பார்கள். அதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

நிஜ ஆர்டர் போடும் முன் அவர்களுடைய சோதனைத் தளத்தைக் கேட்டு வாங்குங்கள். ஓர் ஆர்டரை அனுப்பி, பதில் வருவதற்குள் லேன் கேபிளைப் பிடுங்குங்கள். மாட்டிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓர் ஆர்டர்தான் இருக்கிறதென்றால் சரி. இரண்டு இருந்தால் விற்பனையாளருக்குப் போன் போடுங்கள்.