ஜப்பானிய நேர்காணலில் 'டென்ஷன்' என்று சொல்லாதீர்கள், தம்பி

தம்பி, நீங்கள் அனுப்பிய சுய அறிமுகத்தை இரண்டு முறை படித்தேன். ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்-3 நிலை தேறியவர் எழுதியது என்று தெரிகிறது; பெரிய இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் 'உங்கள் குறை என்ன?' என்ற கேள்விக்கு 'ஒகோரிப்பொய் தெஸு' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் அடித்துவிடுங்கள். எப்போதாவது சட்டென்று கோபம் வரும் என்று சொல்ல நினைத்திருப்பீர்கள். கேட்பவர் காதில் 'நான் முன்கோபி' என்றுதான் விழும். முன்கோபியை யார் தன் குழுவில் சேர்ப்பார்கள்?

இதில் உங்கள் தப்பு அதிகம் இல்லை. ஜே.எல்.பி.டி. தேர்வில் பேச்சுக்குத் தனிப் பகுதியே கிடையாது. அதனால் சொல்லின் பின்னால் சேரும் ஒட்டுகளின் பொருள் தெரியும், எந்த ஒட்டு ஆளை எப்படிக் காட்டும் என்பது பிடிபடாது.

'ப்பொய்' (நம் ஊர்ப் பொய் இல்லை) சேர்ந்தால் அது சுபாவமாகிவிடும்: 'வசுரெப்பொய்' என்றால் மறதிக்காரர். 'கச்சி' சேர்ந்தால் அடிக்கடி அப்படி ஆகிவிடுகிறது என்று பொருள்: 'வசுரெகச்சி'. இது பெரும்பாலும் வேண்டாத பழக்கத்துக்குத்தான் வரும். 'ஒழுங்காகப் படிக்கும் பழக்கம் உண்டு' என்பதற்கு இதை ஒட்டிவிடாதீர்கள். 'கிமி' இன்னும் லேசானது, இன்றைய நிலையைச் சொல்வது. 'கஸெகிமி' என்றால் சளி பிடிக்கிற மாதிரி இருக்கிறது, அவ்வளவே.

சரி, குறையை எப்படித்தான் சொல்வது? 'தொகோரோ க அரிமாஸு' என்ற முடிப்பைப் பழகுங்கள். 'தொகோரோ' என்றால் இடம். 'ஷின்பைஷோ ந தொகோரோ க அரிமாஸு' என்றால், எதற்கும் கவலைப்படுகிற ஒரு பக்கம் என்னிடம் உண்டு. 'நான் கவலைப்படுகிற ஆள்' என்று முத்திரை குத்திக்கொள்ளாமல், சுபாவத்தின் ஒரு மூலையை மட்டும் காட்டுகிறீர்கள். அதோடு நிறுத்தாமல், அதற்கு என்ன செய்கிறீர்கள் என்பதை 'யோ நி ஷிதெ இமாஸு' (அப்படிச் செய்யப் பார்த்துக்கொள்கிறேன்) என்று முடியுங்கள். அனுப்பும் முன் மூன்று முறை சரிபார்த்துக்கொண்டே இருந்தவன், இப்போது பட்டியல் வைத்து ஒரே முறை பார்க்கிறேன் என்பது போல. உண்மையிலேயே நீங்கள் செய்வதைச் சொல்லுங்கள். அடுத்த கேள்வி அதிலிருந்துதான் வரும்.

அப்புறம் அந்த டென்ஷன். போன வாரம் நடந்த மாதிரி நேர்காணலில் 'டென்ஷன் க தகாய் தெஸு' என்றீர்கள். நமக்கு டென்ஷன் என்றால் பதற்றம். ஜப்பானியரிடம் அது நேர்மாறு: உற்சாகம் பொங்குகிறது, ஆட்டம் போடுகிற மனநிலை. கை நடுங்க உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவர் குழம்பிப் போவார். பதற்றத்துக்குச் சொல் 'கின்ச்சோ'. 'கின்ச்சோ ஷிதெ இமாஸு' என்று தொடக்கத்திலேயே சொல்லலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. 'மை பேஸு' என்பதையும் நிறைகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நிதானமானவர் என்றும் கொள்ளலாம், மற்றவருக்காகத் தன் வேகத்தை மாற்றாதவர் என்றும் கொள்ளலாம்.

பிறர் மனநிலை வேறு சங்கதி. 'அம்மாவுக்குச் சந்தோஷம்' என்று நாம் தயங்காமல் சொல்வோம். ஜப்பானிய மொழியில் 'உரெஷீ' என்ற சொல் இப்படி நேராக முடியும்போது சொல்பவரின் மனத்துக்கே உரியது. அடுத்தவர் மனத்துக்குள் புகுந்து பார்த்த மாதிரி பேசுவது இயல்பாக இருக்காது. வெளியே தெரிவதைச் சொல்ல 'உரெஷிசோ' என்பார்கள், சந்தோஷமாக இருக்கிற மாதிரி தெரிகிறது என்று. வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் 'ஹஹா வ யொரொகொந்தெ இமாஸு' என்று வினைச்சொல்லாகச் சொல்லுங்கள். சொந்த அம்மாவை வெளியாரிடம் 'ஹஹா' என்பதே முறை, 'ஒகாசான்' வேண்டாம். இன்னொன்று, பிறர் உணர்வைச் சொல்ல உணர்ச்சிச் சொல்லோடு சேர்ந்து 'கத்தெ இரு' என்று முடியும் வடிவத்தை மேலதிகாரியின் உணர்வைச் சொல்லப் பயன்படுத்தாதீர்கள். மரியாதைக் குறைவாகப் படலாம்.

'கி' (மனம், மனநிலை) சேர்ந்த தொடர்கள் பத்துப் பதினைந்தை மனப்பாடம் செய்திருப்பதாகச் சொன்னீர்கள். நல்லதுதான், ஆனால் நேர்காணலுக்கு அத்தனை தேவையில்லை. 'கி க மிஜிகாய்' (பொறுமை குறைவு), 'கி க நகாய்' (பொறுமைசாலி) இரண்டும் காதில் விழுந்தால் புரிந்தால் போதும். பிறர் தேவையைக் கேட்காமலே உணர்ந்து செய்வதைச் சொல்லும் 'கி க கிகு' பெரிய பாராட்டு. அதை உங்களைப் பற்றி நீங்களே சொல்லிக்கொள்ளாதீர்கள், தற்பெருமையாகிவிடும்.

குறை பற்றிய பதிலை நான்கு வாக்கியத்தில் மறுபடி எழுதி, உங்கள் குரலில் பதிவு செய்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். காகிதத்தைப் பார்த்து வாசித்தால் எனக்குத் தெரிந்துவிடும்.