கலப்பு ஊடக ஓவியம்: எதன் மேல் எது ஒட்டும்?

கேள்வி: அக்கா, நான் ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஆயில் பெயிண்டில் முடித்த படத்தின் மேல் அக்ரிலிக்கில் வெள்ளைக் கோடுகள் போட்டேன். இப்போது தோல் மாதிரி உரிந்து வருகிறது. ஏன்?

பதில்: இரண்டும் காய்கிற விதமே வேறு. அக்ரிலிக் தண்ணீர் கலந்த வண்ணம்; அந்தத் தண்ணீர் ஆவியானதும் வேலை முடிந்தது. ஆயில் பெயிண்ட், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகுவது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே மாதக்கணக்கில் மாற்றம் நடந்துகொண்டே இருக்கும். போதாததற்கு, அந்த எண்ணெய்ப் பரப்பில் அக்ரிலிக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. அதனால் வரிசையை மாற்றுங்கள்: அக்ரிலிக் அடியில், ஆயில் மேலே. அடிப்பூச்சு மெல்லியதாக, பளபளப்பில்லாமல், நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

ஆயிலுக்குள்ளேயும் இதேபோல் ஒரு வரிசை உண்டு. எண்ணெய் குறைந்த பூச்சு முதலில், எண்ணெய் கூடியது அப்புறம். தலைகீழாகப் போட்டால் மேல்பூச்சு முந்திக்கொண்டு இறுகி, பிற்பாடு வெடிக்கும். உங்கள் படத்தைத் தூக்கிப் போட வேண்டாம். உரிகிற கோடுகளைப் பதமாக எடுத்துவிட்டு, அதே கோடுகளை ஆயிலிலேயே போடுங்கள்.

கேள்வி: ஆயில் பாஸ்டல் மேல் வாட்டர்கலர் ஒட்டாமல் முத்து முத்தாக நிற்கிறதே?

பதில்: பாஸ்டல் குச்சியில் உள்ள மெழுகும் எண்ணெயும் தண்ணீரைத் தள்ளுகின்றன. அதையே பயன்படுத்துங்கள்! வெளிர் நிறத்தில் அழுத்திக் கோடு போட்டு, மேலே அடர்த்தியான வாட்டர்கலரை ஓட விடுங்கள். மழை, வேர், இலை நரம்பு எல்லாம் தூரிகையால் வராத ஓர் உயிரோடு வரும். ஒன்று மட்டும் கவனம்: ஆயில் பாஸ்டல் முழுதாக இறுகவே இறுகாது. சட்டம் போடும்போது கண்ணாடி படத்தில் படாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

கேள்வி: கொலாஜில் (தாள், துணித் துண்டுகளை ஒட்டிச் செய்யும் படம்) ஒட்டிய செய்தித்தாள் மஞ்சளாகிவிட்டது. தடுக்க முடியுமா?

பதில்: மலிவான தாளில் மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் நிறைய இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பாகும். 1912 தொடங்கி ஓவியர்கள் பிக்காஸோவும் பிராக்கும் ஒட்டிய செய்தித்தாள்களும் பழுத்துத்தான் போயிருக்கின்றன. நிறம் மாறக் கூடாதென்றால் அமிலமற்ற தாளில் லேசர் பிரதி எடுத்து, அக்ரிலிக் ஜெல் மீடியத்தால் (கெட்டியான, நிறமில்லாத அக்ரிலிக் பசை) ஒட்டுங்கள். இங்க்ஜெட் பிரதி ஈரம் பட்டால் கலங்கிவிடலாம்.

கேள்வி: சார்கோல் (கரித்துண்டு) மேல் அக்ரிலிக் போட்டால் நிறம் அழுக்காகிறது.

பதில்: கரித்தூள் வண்ணத்தில் கலந்துவிடுகிறது. முதலில் தூளைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரேயான ஃபிக்ஸேட்டிவ் அடித்துக் காய விடுங்கள். திறந்த வெளியில் அடியுங்கள், அந்த நெடி உடம்புக்கு ஆகாது.

கேள்வி: மணல், துணி, கம்பி, மை எல்லாவற்றையும் ஒரே கேன்வாஸில் வைத்தேன். ஆசிரியர் "எதையும் பார்க்க முடியவில்லை" என்கிறார்.

பதில்: உங்கள் ஆர்வம் புரிகிறது, ஆனால் ஆசிரியர் பக்கம்தான் நான். ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925-இல் மரத்தரை மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். அந்த ஒரே உத்தியிலிருந்து காடு, பறவை, விலங்கு என ஒரு பெரிய உலகமே அவருக்குக் கிடைத்தது. நீங்களும் இரண்டு பொருளோடு சில வாரம் இருந்து பாருங்கள். மணல் எதற்கு? வண்ணத்தால் முடியாத எதைச் செய்கிறது? பதில் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். அப்புறம், சோதனைத் துண்டுகள் ஒவ்வொன்றின் பின்னாலும் எதன் மேல் எது, எவ்வளவு நேரம் காய்ந்தது என்று பென்சிலால் எழுதி வையுங்கள். உரிவதும் வெடிப்பதும் முதலில் அந்தத் துண்டுகளில் நடக்கட்டும்.