நார்ட்டன் கமாண்டோவுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

ட்ரயம்ப் இருக்கிறது, பி.எஸ்.ஏ. இருக்கிறது; பழைய பிரிட்டிஷ் ட்வின் சிலிண்டர் மோட்டார் சைக்கிள்களில் சேகரிப்பாளர்கள் நார்ட்டன் கம்பெனியின் கமாண்டோவை மட்டும் ஏன் இப்படித் தேடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், இன்றைக்கும் எடுத்து நெடுந்தூரம் ஓட்டலாம் என்பதுதான் காரணம். எனக்குத் தெரிந்த கமாண்டோக்காரர்கள் யாரும் வண்டியைத் துணி போர்த்தி வைத்திருப்பதில்லை.

இன்ஜின் ஒன்றும் புதிதில்லை. நார்ட்டன் பொறியாளர் பெர்ட் ஹாப்வுட் 1940-களின் கடைசியில் வடிவமைத்த 497 சிசி டாமினேட்டர் இன்ஜினைத்தான் பெரிதாக்கிக்கொண்டே போய், 1962-இல் அட்லஸ் மாடலில் 745 சிசிக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் அமைப்பு. அதனால் வரும் அதிர்வை 500 சிசியில் பொறுத்துக்கொள்ளலாம். 750-இல் வேகம் கூடினால் கை மரத்துப்போகும், நட்டு போல்ட் கழன்றுகொள்ளும்.

ஸ்டீஃபன் பாவர், பெர்னார்ட் ஹூப்பர், பாப் ட்ரிக் ஆகியோர் இருந்த குழு இந்த அதிர்வை அடக்கவில்லை, ஓட்டுபவரிடம் வராமல் பிரித்து வைத்தது. இன்ஜின், கியர்பாக்ஸ், பின்சக்கரம் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் மூன்றையும் ஒரே தொகுதியாகப் பூட்டி, அதை ரப்பர் வைத்து ஃப்ரேமில் தொங்கவிட்டார்கள். ஐசோலாஸ்டிக் என்று பெயர். பின்சக்கரமும் இன்ஜினோடு சேர்ந்தே அசைவதால் செயின் நேர்கோட்டிலேயே இருக்கும். மேலும் கீழும் ஆடலாம், பக்கவாட்டில் ஆடக்கூடாது. பக்கவாட்டு இடைவெளியை ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும். இதற்காக, வளைவுகளில் பேர் வாங்கிய நார்ட்டனின் பழைய ஃபெதர்பெட் ஃப்ரேமையே கைவிட்டார்கள். பெரிய துணிச்சல் அது. 1967-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் கமாண்டோ வெளிவந்தது.

பக்கத்தில் நின்று பார்த்தால்தான் இது புரியும். அமல் கார்புரேட்டரின் பக்கத்தில் இருக்கும் சின்ன பட்டனை விரலில் பெட்ரோல் படும்வரை அழுத்திவிட்டுக் கிக்கரை உதைக்க வேண்டும். இன்ஜின் பிடித்ததும் சென்டர் ஸ்டாண்டில் நிற்கிற வண்டியின் முன்சக்கரம் குதிக்கும், மட்கார்டு நடுங்கும். ஆனால் சாலையில் இறங்கி ஆக்சிலேட்டரைத் திருகினால், இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்றைத் தாண்டியதும் அந்த நடுக்கம் மொத்தமாகக் காணாமல் போய்விடும். சத்தமும் இழுவையும் மட்டும் மிஞ்சும். அந்தக் கணத்துக்காகவே எத்தனை காசும் கொடுக்கலாம் என்பேன்.

ஹோண்டா 1969-இல் நான்கு சிலிண்டர், டிஸ்க் பிரேக், செல்ஃப் ஸ்டார்ட்டோடு சிபி750-ஐச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகும், ‘மோட்டார் சைக்கிள் நியூஸ்’ என்கிற பிரிட்டிஷ் பத்திரிகையின் வாசகர்கள் 1968 முதல் 1972 வரை தொடர்ந்து ஐந்து வருடம் கமாண்டோவைத்தான் ஆண்டின் சிறந்த வண்டியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அப்புறம் கம்பெனி நொடித்துப்போய், 1977-இல் தயாரிப்பு நின்றது.

குறைகள் உண்டு. நாள்கணக்கில் நிறுத்தி வைத்தால் ஆயில் டேங்கிலிருக்கும் ஆயில் மெல்லக் கசிந்து இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். 1972-இல் வந்த காம்பட் இன்ஜினில் அழுத்த விகிதத்தை 10:1 வரை ஏற்றியதால் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகள் சீக்கிரமே போயின. சூப்பர்பிளெண்ட் என்கிற ரோலர் பேரிங் போட்டபிறகுதான் தொல்லை தீர்ந்தது. ஆனால் ஒவ்வொரு குறைக்கும் மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஆண்டோவர் நார்ட்டன் என்கிற பிரிட்டிஷ் கம்பெனி இப்போதும் உதிரிபாகம் தயாரிக்கிறது. அமல் கார்புரேட்டர்கூடப் புதிதாகவே கிடைக்கிறது. உதிரிபாகத்துக்கு அலைய வேண்டாம் என்றால், வாங்க வருகிறவருக்குத் தயக்கம் பாதி போய்விடும்.

வாங்குவதாக இருந்தால் 1973, 74-இல் வந்த 828 சிசி வண்டியைப் பாருங்கள். 850 என்றுதான் விற்பார்கள். செல்ஃப் ஸ்டார்ட் கட்டாயம் வேண்டுமென்றால் 1975-இல் வந்த மார்க் 3. கியரும் அதில்தான் இடது காலுக்கு மாறியது. எதுவானாலும் ஃப்ரேம், இன்ஜின், கியர்பாக்ஸ் மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.