எங்கள் தெருவில் ஒரே நிறுவனம்தான் கேபிளும் இணையமும் தருகிறது. பில் ஏறிக்கொண்டே போகிறது. பேரம் பேசவாவது வழி உண்டா?

உண்டு, ஆனால் கொஞ்சம்தான். நீங்கள் விலகிப் போய்விடுவீர்கள் என்று அவர்கள் எந்த அளவுக்கு நம்புகிறார்களோ, அந்த அளவுக்குத்தான் விலை இறங்கும்.

இதை நான் தெரிந்துகொண்டது என் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில். இருவருக்கும் ஒரே நிறுவனம், ஒரே வேகம். அவள் தெருவில் இன்னொரு நிறுவனம் ஃபைபர் போட்டிருந்தது. என் தெருவில் இல்லை. பில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என்னுடையதில் மோடம் வாடகை என்று ஒரு வரி, ஒளிபரப்புக் கட்டணம் என்று இன்னொரு வரி. அவளுடையதில் இரண்டுமே இல்லை. அதுவரை நான் கட்டிய வாடகைக்கு இரண்டு மோடம் சொந்தமாகவே வாங்கியிருக்கலாம்.

இரண்டாவது நிறுவனம் ஏன் வருவதில்லை? தெருவைத் தோண்டிக் கம்பி போடும் செலவு, பத்து வீடு சேர்ந்தாலும் நூறு வீடு சேர்ந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். இருக்கிற வாடிக்கையாளர்களைப் பங்கு போட்டுக்கொண்டு போட்ட முதலை எடுக்க முடியாது என்று கணக்குப் பார்த்து ஒதுங்கிவிடுகிறார்கள்.

சட்டத்தையும் பெரிதாக நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டுச் சட்டம் கேபிள் கட்டணக் கட்டுப்பாட்டைப் பெரும்பாலும் நீக்கியது. விலை மளமளவென்று ஏறியது. 1992இல் போட்டி இல்லாத இடங்களுக்கு மட்டும் கட்டுப்பாடு திரும்ப வந்தது. 1996இல் அதையும் தளர்த்திவிட்டார்கள். எனக்குப் பிடித்த கதை அதே நாட்டின் சாட்டனூகா நகரம். அங்கே நகருக்குச் சொந்தமான மின் நிறுவனமே ஃபைபர் இழுத்து, 2010இல் விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தை வீடுகளுக்குக் கொடுத்தது. கம்பங்கள்தான் ஏற்கெனவே கையில் இருந்தனவே!

உங்கள் கையில் இருப்பது இவ்வளவுதான்: மோடத்தைச் சொந்தமாக வாங்குங்கள், சலுகைக் காலம் முடிவதற்கு முன்பே தொலைபேசியில் கூப்பிட்டு, இணைப்பைத் துண்டிக்கும் பிரிவைக் கேளுங்கள். சாதாரண சேவைப் பிரிவுக்கு விலையைக் குறைக்கும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. நான் நாற்பது நிமிடம் இசை கேட்டுக் காத்திருந்தேன். "செல்போன் நிறுவனத்தின் கம்பியில்லா வீட்டு இணையத்துக்கு மாறப் போகிறேன்" என்றதும் எதிர்முனையில் கொஞ்சம் மௌனம், பிறகு ஓர் ஆண்டுக்குத் தள்ளுபடி.

அந்தத் துணிச்சலில், "கேபிள் வேண்டாம், இணையம் மட்டும் போதும்" என்றேன். இணையத்துக்கு மட்டும் அவர்கள் சொன்ன விலை, இரண்டையும் சேர்த்து வாங்கும் விலையைவிட அதிகம். ஆகவே செட்டாப் பெட்டி இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது, பிளக் கூடச் செருகாமல்.