குவேக்கர் அலுவலகத்தில் பயிற்சிப் பணி: சேரலாமா?

கேள்வி: பிலடெல்பியாவில் வரலாறு முதுகலை படிக்கிறேன். கோடை விடுமுறையில் இங்குள்ள ஒரு குவேக்கர் அமைப்பில் (குவேக்கர்கள் என்பது ‘நண்பர்கள்’ என்றும் அழைக்கப்படும் ஒரு கிறித்தவச் சமயப் பிரிவினர்) பயிற்சிப் பணி கிடைத்திருக்கிறது. வாரத்தில் பாதி நாள் இனவெறி எதிர்ப்புக் குழுவுக்கு உதவ வேண்டும். மீதி நாள் அவர்களுடைய சமய நூல் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்த வேண்டும், அனுமதிக் கடிதங்கள் எழுத வேண்டும், புத்தகங்களைக் கட்டி அனுப்ப வேண்டும். முதல் பாதிக்காகத்தான் விண்ணப்பித்தேன். இரண்டாவது பாதி குமாஸ்தா வேலையாகத் தெரிகிறது. மதம் மாற்றிவிடுவார்களோ என்று மதுரையில் அப்பா பயப்படுகிறார். என்னை உறுத்துவது வேறு: நான் ஆதிக்க சாதிக் குடும்பத்தில் பிறந்தவள். கறுப்பின மக்களின் பிரச்சினையில் பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறது?
– வாசகி, பிலடெல்பியா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சேருங்கள். ஆனால் குமாஸ்தா வேலை என்று நீங்கள் ஒதுக்குகிற பாதியை முதலில் கவனியுங்கள். குவேக்கர்களுக்குள் இனவெறியை எதிர்த்து நடந்த சண்டைகளில் பல காகிதத்தின் மேல் நடந்தவை. எதை எழுதலாம், எதை அச்சிடலாம், யார் பெயரைப் போடலாம் என்பதே அங்கே தகராறு.

1688இல், இன்று உங்கள் நகரின் ஒரு பகுதியாக இருக்கும் ஜெர்மன்டவுனில், நான்கு பேர் அடிமைமுறையைக் கண்டித்து ஒரு மனு எழுதினார்கள். குவேக்கர்களின் உள்ளூர் அமைப்பான மாதக் கூட்டம் அதை மேலே இருந்த காலாண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது. காலாண்டுக் கூட்டம் அதற்கும் மேலே இருந்த ஆண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது. ஆண்டுக் கூட்டமோ, இதில் திட்டவட்டமாகத் தீர்ப்புச் சொல்வது உகந்ததல்ல என்று குறிப்பெழுதி முடித்துக்கொண்டது. மறந்துபோன அந்த மனு 1844இல்தான் திரும்பக் கண்டெடுக்கப்பட்டது. 1737இல் பெஞ்சமின் லே என்பவர் அடிமை வைத்திருந்த குவேக்கர்களைச் சாடி ஒரு நூல் எழுதினார். பெஞ்சமின் ஃபிராங்ளின் அதை அச்சிட்டார். குவேக்கர் நூல்களைப் படித்துப் பார்த்து அனுமதி தருவதற்கென்றே அப்போது ஒரு குழு இருந்தது. லே அந்தக் குழுவின் அனுமதியைப் பெறவில்லை. ஆண்டுக் கூட்டம் அவரையும் நூலையும் பகிரங்கமாகக் கைகழுவியது. 1754இல் ஜான் உல்மன் அடிமைமுறைக்கு எதிராக எழுதிய கட்டுரை வந்தபோது அதே குழு ஒப்புதல் தந்தது. அந்த ஒப்புதலை நான் பெரிய திருப்பமாகவே பார்க்கிறேன். ஆனாலும், அடிமை வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது என்று பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் விதித்தது 1776இல்தான். ஜெர்மன்டவுன் மனுவிலிருந்து 88 ஆண்டுகள்!

நமக்குப் பக்கத்துக் காலத்துக்கு வருவோம். 1955இல் குவேக்கர்களின் சேவை அமைப்பான அமெரிக்க நண்பர்கள் சேவைக் குழு வெளியிட்ட ‘ஸ்பீக் ட்ரூத் டு பவர்’ (அதிகாரத்திடம் உண்மையைப் பேசு) என்ற புகழ்பெற்ற சிறுநூலை உருவாக்கியவர்களில் ஒருவர் பேயார்ட் ரஸ்டின். உங்கள் நகருக்கு அருகில் வெஸ்ட் செஸ்டரில் வளர்ந்த கறுப்பினக் குவேக்கர் அவர். நூலில் இருந்த பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இல்லை. தன்பாலீர்ப்பை முன்னிட்டு 1953இல் அவர் கைதானது நூலின் மதிப்பைக் கெடுத்துவிடும் என்ற அச்சமே காரணம். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அந்தப் பெயர் சேர்க்கப்பட்டது. இன்னொரு பக்கம், மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தை 1963இல் சிறுநூலாக அச்சிட்டுப் பரப்பியதும் இதே அமைப்புதான். நீங்கள் மெய்ப்புத் திருத்தும்போது நன்றியுரையையும் பெயரடைவையும் படக்குறிப்புகளையும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். நூலில் இடம்பெற வேண்டிய யாராவது விடுபட்டிருந்தால், அதை முதலில் காணக்கூடியவர் மெய்ப்புப் பார்ப்பவரே. பதிப்பாசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

குவேக்கர்கள் அடிமைமுறையை எதிர்த்தவர்கள் என்று வரலாற்று வகுப்பில் படித்திருப்பீர்கள். அது பாதி உண்மை. எதிர்த்த பிறகும் கறுப்பின மக்களைத் தங்களோடு சமமாக உட்கார வைக்க அவர்களில் பலருக்கு மனம் வரவில்லை. பிலடெல்பியாவின் ஆர்ச் தெரு வழிபாட்டுக் கூடத்தில் கறுப்பினத்தவருக்கென்று தனி பெஞ்சு இருந்ததை, தாயுடன் அதில் அமர்ந்த ஆசிரியை சாரா மேப்ஸ் டக்ளஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே கடிதங்களில் எழுதியிருக்கிறார். இந்த மறுபாதியை விரிவாகச் சொல்லும் ‘ஃபிட் ஃபார் ஃப்ரீடம், நாட் ஃபார் ஃப்ரெண்ட்ஷிப்’ (விடுதலைக்குத் தகுதி, நட்புக்கு அல்ல) என்ற நூலை டோனா மெக்டேனியலும் வனெஸ்ஸா ஜூலியும் எழுதினார்கள். 2009இல் ஒரு குவேக்கர் பதிப்பகமே அதை வெளியிட்டது. வேலையில் சேர்வதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

குழுக் கூட்டங்கள் உங்களுக்குப் புதிதாக இருக்கும். வாக்கெடுப்பு கிடையாது. மௌனம், பேச்சு, மீண்டும் மௌனம். கூட்டத்தை நடத்துபவர் எல்லாருடைய மனப்போக்கையும் உணர்ந்து குறிப்பெழுதிப் படித்துக்காட்டுவார். அனைவரும் இசைந்தால்தான் அது முடிவாகும். அந்தப் பொறுமையை நான் மனதார மதிக்கிறேன். ஆனால், எல்லாரும் இசையும்வரை காத்திருப்பது, காயப்பட்டவர்களையே மேலும் காத்திருக்கச் சொல்வதாகவும் ஆகிவிடும். குறிப்பெடுக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால், ஒருவர் கோபமாகச் சொன்னதை ‘கருத்துப் பரிமாற்றம் நடந்தது’ என்று மழுப்பி எழுதாதீர்கள்.

தகுதி பற்றிக் கேட்டீர்கள். உங்களை அங்கே அழைத்திருப்பது உதவி செய்ய, கறுப்பின மக்களின் சார்பில் பேச அல்ல. கிங் 1959இல் இந்தியா வந்த பயணத்துக்கு உதவிய அமைப்புகளில் அதே நண்பர்கள் சேவைக் குழுவும் ஒன்று. 1965இல் ஒரு பிரசங்கத்தில் கிங் அந்தப் பயணத்தைப் பற்றி ஒன்றைச் சொன்னார்: திருவனந்தபுரத்தில் தலித் மாணவர்கள் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார்; முதலில் அதிர்ந்தாலும், பிறகு அதுவே உண்மை என்று கிங் உணர்ந்தார். அந்தப் பள்ளியின் கதையில் உங்கள் குடும்பம் எந்தப் பக்கம் நின்றிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதை மறைக்காமல் போங்கள். சாதி பற்றி யாராவது கேட்டால் நேராகச் சொல்லுங்கள். அமெரிக்காவில் நிறத்துக்காக நீங்கள் படும் அவமானம் உண்மையானது. ஊரில் கிடைத்த சலுகையை மறைக்கும் திரையாக மட்டும் அதை ஆக்கிவிடாதீர்கள். குழுவில் கறுப்பின உறுப்பினர்கள் எத்தனை பேர், முடிவெடுப்பது யார் என்று முதலிலேயே விசாரியுங்கள். படத்துக்கு நிற்க மட்டும் உங்களைக் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: பிலடெல்பியாவின் மௌன வழிபாட்டுக் குவேக்கர்களிடம் சம்பளம் வாங்கும் போதகரும் இல்லை, தண்ணீர் ஞானஸ்நானமும் இல்லை. வழிபாட்டில் கலந்துகொள்வது கட்டாயமா என்று அமைப்பிடம் கேட்டு, வருகிற பதிலை அவருக்கே அனுப்பிவிடுங்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பீர்கள் என்றால், ஒப்புக்கொள்ளும் முன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். வளாகத்துக்கு வெளியே செய்யும் பயிற்சிப் பணிக்கு சி.பி.டி. அனுமதி (படிப்பின் பகுதியான செய்முறைப் பயிற்சிக்கான அனுமதி) முதல் நாளுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். அது உங்கள் படிப்போடு இணைந்த பணியாகவும் இருக்க வேண்டும். உதவித்தொகை எவ்வளவு, யாருடைய மேற்பார்வை, இரு பிரிவுகளும் ஒரே நாளில் கூப்பிட்டால் யார் சொல்வதைக் கேட்பது என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள்.