முடக்குவாதம்: மாத்திரை போட்டும் வலி ஏன் போவதில்லை?

‘நாலு வருடமாக முடக்குவாதம். மாத்திரை போட்டும் வலி தீரவில்லை, வேறு வழியே இல்லையா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் இதே நோய்தான். காலையில் பால் பாக்கெட்டின் முனையைக் கிள்ள விரல் மடங்காது. பல்லால் கடித்துத்தான் திறப்பேன். பத்து மணிக்கு மேல் கை கொஞ்சம் இளகும். அப்போது பார்ப்பவர்கள், ‘நல்லாத்தானே இருக்கே?’ என்பார்கள். வலியைவிட அதுதான் அதிகம் குத்தும்.

இது தேய்மானம் அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. வலி மாத்திரை அன்றைய வலியை அமுக்கும், அவ்வளவுதான். நோயை அடக்க மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்து வேண்டும். அது வாரத்தில் ஒரே நாள்தான் (தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து). பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகலாம். போதாவிட்டால் இன்னொரு மருந்தைச் சேர்ப்பார்கள். அப்புறம் உயிரியல் ஊசிகள், அதாவது உயிருள்ள செல்களிலிருந்து தயாரிக்கும் மருந்துகள். அவற்றில் ஒன்றான அடாலிமுமாபுக்கு இணையான, விலை குறைந்த மருந்து 2014இலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் நம்மில் பலருக்கு எட்டாத விலைதான். இந்த ஊசி எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால், போடுமுன் மறைந்திருக்கும் காசநோய் உண்டா என்றும் பார்ப்பார்கள்.

முடக்கத்தான் தோசையா? ருசிக்குச் சாப்பிடுங்கள், மருந்தை நிறுத்திவிட்டு வேண்டாம். நாலு வருடமும் வலி மாத்திரைதான் ஓடியது என்றால், முதலில் ஒரு வாதநோய் நிபுணரைப் பாருங்கள்.