விலைபோனார்களா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

மாலையில் ஹரித்ராநதிக் குளக்கரையில் உட்கார்ந்து மெட்டல் எனும் கனமான ராக் இசை கேட்கும் கூட்டம் நாங்கள். போன வாரம் பெரிய சண்டை. 1991இல் வந்த கறுப்பு ஆல்பத்தோடு மெட்டாலிகா குழு விலைபோய்விட்டது, அதற்கப்புறம் அவர்கள் செய்த எதுவும் த்ராஷ் (வேகமும் வெறியுமான மெட்டல்) இல்லை என்பது என் கட்சி. நண்பர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்கள் எந்தப் பக்கம்?

ர., மன்னார்குடி

அன்புள்ள ர.,

அது த்ராஷ் இல்லை என்பதில் உங்கள் பக்கம். விலைபோனார்கள் என்பதில் இல்லை.

இந்தத் திட்டு 1991க்கும் முந்தியது. 1984இலேயே மெட்டாலிகா, மெதுவாகத் தொடங்கும் 'ஃபேட் டு பிளாக்' பாட்டுக்காக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். இன்று அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுவது பழைய ரசிகர்கள்தான். இன்னொரு த்ராஷ் குழுவான ஸ்லேயர் 1986இல் 'ரெய்ன் இன் பிளட்' ஆல்பத்தை சுமார் 29 நிமிடத்தில் முடித்தார்கள். 1988இல் 'சவுத் ஆஃப் ஹெவன்' செய்தபோது வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தார்கள். அதன் தலைப்புப் பாட்டைவிடப் பயங்கரமான ஒன்றை அவர்களிடம் நான் கேட்டதில்லை.

சரி, மெட்டாலிகா. 1988இன் 'ஜஸ்டிஸ்' ஆல்பத்தில் 9 பாட்டு, 65 நிமிடம். ரிஃப் மேல் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகள். ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் கிட்டார் காதிலேயே விழாது. கறுப்பு ஆல்பத்தில் 12 பாட்டு, 62 நிமிடம். பாப் ராக் என்ற தயாரிப்பாளர் வந்தார், பேஸ் முன்னுக்கு வந்தது, டிரம்ஸ் நெஞ்சில் இடித்தது. கிட்டாரின் சுருதியை இறக்கி வாசித்த 'சேட் பட் ட்ரூ'வை நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள். அந்தக் கனம் 'ஜஸ்டிஸ்'இல் கிடையாது. இழப்பும் உண்டு. அவர்களுடைய பழைய 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' பாட்டு நடுவில் அடங்கி, வேறெங்கோ போய், மறுபடி சீறிக்கொண்டு வருமே, அந்த நீளமான கட்டுமானம் போய்விட்டது. அதற்காக நீங்கள் வருத்தப்படுவது நியாயம்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் 1962இல் 'கொஞ்சும் சலங்கை' படத்துக்கு நாகஸ்வரம் வாசித்தார். வீதியுலாவில் விடிய விடிய ராகம் கேட்டு வளர்ந்த தஞ்சாவூர்க் காதுக்கு அது சின்னப் பாட்டுதான். ஆனால் அந்த ஆபேரி ராகத்தில் எங்கேயாவது பிடி தளர்ந்திருக்கிறதா? பாட்டைச் சுருக்கும்போது பிடி தளர்ந்ததா என்பதுதான் என் கேள்வி.

மெகாடெத் என்ற த்ராஷ் குழுவிடம் இதையே கேட்டுப் பாருங்கள். 1990இன் 'ரஸ்ட் இன் பீஸ்' சிக்கலும் வெறியும் சேர்ந்தது. 1992இல் 'கவுண்ட்டவுன் டு எக்ஸ்டிங்ஷன்' வந்தபோது பாட்டுகள் சுருங்கின, கூர்மை போகவில்லை. அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. 1999இன் 'ரிஸ்க்'கில்தான் ரிஃபே பின்னுக்குத் தள்ளப்பட்டது. குழுத் தலைவர் டேவ் மஸ்டைன் போன்ற ஒரு கிட்டார் கை சும்மா கிடப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. 2001இல் அவரே பழைய பக்கம் திரும்பினார்.

ஆகவே, ஆண்டை விட்டுவிட்டுப் பாட்டைப் பாட்டாக எடுத்துச் சண்டை போடுங்கள். நண்பர்கள் மெட்டாலிகாவின் 1996 ஆல்பமான 'லோட்'டையும் காப்பாற்ற வந்தால், 'ப்ளீடிங் மீ' ஒன்றை மட்டும் கொடுத்துவிடுங்கள். மற்றதில் நான் உங்கள் கட்சி.